முட்டையில்லாத பாண்டான் கேக்

தைப்பூசத்தன்று நடுரோட்டில் தேன்மொழியின் பால்குடம் கவிழ்ந்தது. அவள் விரதத்தில்தான் என்னவோ குறை என்று மலேசியாவின் குளுவாங் ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுப் பேசினார்கள். மீதிப் பேர் மனசுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தக் குறை எங்கே நடந்தது, யார் கையால் நடந்தது என்று தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் பெயர் பிரேமலா. தெரிந்திருந்தும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்காகப் பிரேமலாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷிதான். என்ன, கொஞ்சம் அலங்காரப் பைத்தியம். பண்டல் கடையில் எந்த நாளில் பழைய துணி மூட்டை பிரிப்பார்கள் என்பது கடைக்காரனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். எந்த ஊரிலோ யாரோ கழித்துப் போட்ட உடுப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதற்குள் தலையை விட்டு, முத்துப் பொத்தான் வைத்த சட்டை, புள்ளி போட்ட பாவாடை, அந்தக் காலத்துப் பஃப் கை ரவிக்கை என்று எதையாவது இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தெரிந்தவர்கள் வீட்டு அலமாரியில் பழைய நைலக்ஸ் சேலை இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கேட்டு வாங்காமல் தூங்க மாட்டாள்.

இதையெல்லாம் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு வால் வைத்து மை இழுத்து, தலையைத் தூக்கி வாரிக் கொண்டை போட்டு, அந்தக் கோலத்தில் அடுப்படியில் நின்று கேக் செய்வாள். செய்வதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துப் போடுவாள். சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் முகம் தெரியாத பெண்கள் 'அக்கா, செம்ம லா' என்று எழுதுவார்கள். அதைப் படித்துப் படித்துச் சிரித்துக்கொள்வாள். அவள் கணவர் சதாசிவம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "கேக்குக்குப் பூசுற கிரீமவிட ஒன் மூஞ்சிக்குப் பூசுறதுதான் ஜாஸ்தி" என்று சீண்டுவார். சீண்டிவிட்டு அவர்தான் விளக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு வீடு தள்ளித் தேன்மொழி வீடு. பின்மதியத்தில் வேலை முடித்துவிட்டுப் பிரேமலாவின் பின்வாசலில் வந்து ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் கோப்பி. பிரேமலா கேக்கின் மேல்முகட்டைச் சமனாகச் சீவும்போது விழுகிற ஓரத்துண்டுகள் எல்லாம் தேன்மொழிக்கு. அதைக் கோப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவாள். கிரீம் பூசிய முழுக் கேக்கைக் கொடுத்தாலும் அவளுக்கு அந்த ருசி வராதாம். இரண்டு பேருக்கும் நாளில் அந்த நேரம்தான் பொழுது. பிரேமலாவுக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டதுண்டு.

தேன்மொழியின் மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை. போகிற வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால் நொறுங்கிவிட்டது. நடப்பானா என்பதே சந்தேகம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, பையன் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று தேன்மொழி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பையன் ஊன்றுகோலுடன் எழுந்துவிட்டான். அவளும் விரதம் பிடித்தாள். சும்மா பேருக்குப் பிடிக்கிற விரதமா அது! வீட்டுக்குள் கவுச்சி வரக்கூடாது, வெறும் தரையில் படுக்கை, ஒருவேளைச் சோறு. அப்போதும் பின்வாசலுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. "வாசத்துக்கு வெரதம் இல்ல லா" என்று சொல்லி, கேக் வேகிற வாசனையை மூச்சு முட்ட இழுத்துவிட்டு எழுந்து போவாள்.

ரூபேந்திரனின் பிறந்தநாள் அந்த விரதத்துக்கு நடுவில் வந்து விழுந்தது.

"பிரேமா, அவனுக்குப் பாண்டான் கேக்குன்னா உசுரு. முட்டை இல்லாம பண்ணிக் குடுக்கிறியா? முத துண்டு எனக்குத்தான் ஊட்டுவான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இந்த வருசம் அவன் இருக்கிறதே பெருசு, நான் எப்படி வேணாங்கிறது? வேற யார் அடுப்படியையும் நான் நம்ப மாட்டேன்" என்றாள் தேன்மொழி.

"என்னக்கா இது, கேக்கணுமா? அசத்திர்றேன் பாருங்க" என்றாள் பிரேமலா.

அசத்தத்தான் நினைத்தாள். அதற்கென்றே பெரிய பெரிய பூப்போட்ட பச்சை நைலக்ஸ் சேலையை எடுத்து வைத்தாள். பாண்டான் இலைச் சாற்றின் பச்சைக்கும் சேலைப் பச்சைக்கும் அப்படி ஒரு பொருத்தம். முட்டையில்லாத மாவுக்கு ஒரு குணம் உண்டு. தயிரும் வினிகரும் சோடாவும் சேர்ந்த உடனே மாவு பொங்க ஆரம்பித்துவிடும். அந்தப் பொங்கல் அடங்குவதற்குள் ஓவனுக்குள் போய்விட வேண்டும். காக்க வைத்தால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். இது பிரேமலாவுக்குத் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். ஆனால் மாவை ஊற்றுகிற நேரம் பார்த்து முந்தானை சரிந்தது. பின்னைக் கழற்றி மடிப்பைச் சரிசெய்து மறுபடி குத்தினாள். அதற்குள் வெயில் நகர்ந்து முகத்தில் நிழல் விழுந்தது. திரையை இழுத்துவிட்டாள். கைப்பேசியில் இடம் இல்லை என்று வந்தது. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். எல்லாம் சரியாகி, உதட்டைச் சுழித்துச் சிரித்துக்கொண்டு மாவை ஊற்றும்போது மாவில் ஒரு குமிழ்கூட இல்லை.

வெந்து வந்தது கேக்கா அது! ரொட்டி சானாய்ப் பரோட்டா கனத்துக்குத் தட்டையாக, நடுவில் பிசுபிசுவென்று கிடந்தது.

மறுபடி செய்ய நேரம் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தயிர் மட்டும்தான் தீர்ந்துபோயிருந்தது. கடை அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அந்தக் கொண்டையோடும் மையோடும் பூப்போட்ட சேலையோடும் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடைக்குப் போவதா? கலைத்துவிட்டுப் போனால் மறுபடி யார் உட்கார்ந்து கட்டுவது? யோசித்துக்கொண்டே திரும்பியபோது மேசையில் இன்னொரு பாண்டான் கேக் கண்ணில் பட்டது. மறுநாள் ஒரு சீன டீச்சருக்குக் கொடுக்க வேண்டியது. காலையிலேயே சுட்டு ஆறவைத்தது. முட்டை போட்டது. பஞ்சு போல உப்பி, 'என்னை எடுத்துக்கோ' என்று நின்றது.

கை பரபரவென்று வேலை செய்தது. வெட்டி, நடுவில் குலா மெலாக்கா வெல்லம் சேர்த்த கிரீம் வைத்து, மேலே பூசி, தேங்காய்த் துருவல் தூவி முடித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தடவை நினைத்தாள். முட்டை என்ன மாமிசமா என்று இன்னொரு தடவை நினைத்தாள். நினைக்க நினைக்க அதுவே நியாயமாகத் தோன்ற ஆரம்பித்தது. தட்டைக் கேக்கைச் சதாசிவம் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்று தீர்த்தார்.

சாயங்காலம் கேக்கைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். சேலையை நாலு பேர் பார்க்க வேண்டாமா? தேன்மொழியின் மகள் ஷர்மினி வாசலிலேயே, "அலமாக் ஆன்ட்டி! பழைய படத்து ஹீரோயின் மாதிரியே இருக்கீங்க!" என்று கத்தினாள். ரூபேந்திரன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையைப் பிடித்து நின்றபடி கேக்கை வெட்டினான். முதல் துண்டை அம்மா பக்கம் நீட்டினான். தேன்மொழி வாயைத் திறக்கப் போனவள், நின்று, பிரேமலாவைப் பார்த்தாள்.

"முட்டை போடலல்ல பிரேமா?"

பிரேமலா சிரித்தாள். "போங்கக்கா! என்மேல நம்பிக்கை இல்லையா?"

"சீ, சும்மா கேட்டேன் லா" என்று தேன்மொழி வாயைத் திறந்தாள். மகன் ஊட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கண்ணோரம் ஈரம் தெரிந்தது. "இம்புட்டு மெத்துனு முட்டை இல்லாம எப்படிடி பண்ண?" என்று கேட்டு இன்னொரு துண்டும் வாங்கிக்கொண்டாள். பிரேமலா அந்தத் துண்டைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருந்தும் ஷர்மினி படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றாள்.

தைப்பூசத்தன்று வெயில் கொளுத்தியது. பிள்ளையார் கோயிலிலிருந்து முருகன் கோயில் வரைக்கும் ரோடெல்லாம் மஞ்சள். பிரேமலா மஞ்சள் ஜார்ஜெட் சேலையும் நீளக் கை ரவிக்கையுமாக, ஓரத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி வந்தாள். வெறுங்காலில், ஈரச் சேலையோடு, தலைமேல் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஷர்மினி. கொஞ்சம் பின்னால் ரூபேந்திரன் ஊன்றுகோலோடு நடந்து வந்தான். நடக்கிறானே என்று ஜனம் சந்தோஷமாகப் பார்த்தது.

கோயில் கோபுரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் தேன்மொழியின் கால் பின்னியது. ஷர்மினி பிடிப்பதற்குள் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குடம் கையை விட்டு நழுவித் தார் ரோட்டில் ணங்கென்று விழுந்தது. குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணி பிய்ந்து, பால் அத்தனையும் ஓடியது. உறுமி அடித்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில்தான் அங்கம்மாவின் குரல் கேட்டது. வெள்ளிக்கிழமை பூசையில் பெண்களுக்கெல்லாம் தலையாய் நிற்கிறவள் அங்கம்மா. அவள் வாயிலிருந்து ஒன்று வந்தால் ஊர் சொன்ன மாதிரிதான்.

"வெரதத்துல கொற இருந்தா குடம் நிக்குமா? முருகா!"

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பால் தெறித்திருந்தது. சுற்றி நிற்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், பிரேமலாவின் முகத்துக்கு வந்ததும், இங்கே ஒரு துணை இருக்கிறது என்பது போல அதில் நின்றாள். பிரேமலாவின் கையில் கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவசரமாக அணைத்துப் பைக்குள் போட்டாள். ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். போகவில்லை. தேன்மொழி கோயிலுக்குள் போகாமல், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் பின்வாசல் முக்காலி காலியாகக் கிடந்தது. தேன்மொழி வெளியே தலைகாட்டவில்லை. வெயிலில் வெறும் வயிற்றோடு நடந்தால் யாருக்கும் மயக்கம் வரும் என்று பிரேமலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் வெட்கம் போகவில்லை. கேக் செய்யும்போது முட்டையை உடைத்தால் கை கூசியது. வீடியோவில் யாரோ 'முட்டையில்லாத கேக் சொல்லிக் கொடுங்க அக்கா' என்று எழுதியிருந்தார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்க அம்மாகிட்ட கொஞ்சம் பேசுங்களேன். நான்தான் வெரதத்தக் கெடுத்துட்டேன்னு நெனைக்கிறாங்க."

"நீயா? நீ என்னம்மா பண்ண?"

"ஒரு நாளு வேலையிலேர்ந்து நாசி லெமாக் வாங்கிட்டு வந்து வெளிய உக்காந்துதான் சாப்ட்டேன். நெத்திலி இருந்துச்சு. கைய நல்லாத்தான் கழுவினேன் ஆன்ட்டி. அந்தக் கையோட கரண்டியத் தொட்டிருப்பேன்னு சொல்றாங்க. எங்கூடப் பேசுறதே இல்ல. என் தட்டு, கப்பு எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சிட்டாங்க. அண்ணனுக்கு அடுத்த மாசம் இன்னொரு ஆபரேசன் இருக்குல்ல, அதுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம். பங்குனி உத்தரத்துக்கு மறுபடி குடம் எடுக்கப்போறாங்களாம். இப்பவே மறுபடி ஒருவேளைதான் சாப்டுறாங்க. பாத்தா எலும்பா இருக்காங்க. நான்தான் கெடுத்தேனா ஆன்ட்டி? எனக்கே சந்தேகமா இருக்கு."

பிரேமலா அவள் கண்ணைப் பார்க்காமல், "நீ இல்லம்மா" என்றாள். ஷர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மட்டும்தான் இப்படிச் சொல்றீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேமலாவுக்கு அந்தக் கையை உதறிவிட்டு எங்கேயாவது ஓடிப்போகலாம் போல இருந்தது.

ஷர்மினி போனதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சதாசிவத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்ப அன்னைக்கி நான் தின்னது?"

"அதுதான்."

சதாசிவம் தாடையைத் தேய்த்தார். "சொன்னா ஒன் யாவாரம் போச்சு. புரட்டாசிக்கும் விசேசத்துக்கும் ஒங்கிட்ட வாங்குறவங்கெல்லாம் முட்டை இல்லன்னு நம்பித்தானே வாங்குறாங்க? அதுக்கப்புறம் ஒரு பய வாங்க மாட்டான்."

"தெரியுது."

"தெரிஞ்சா சரி" என்றார். மறுபடி பேப்பரை எடுத்தார், ஆனால் பக்கத்தைப் புரட்டவில்லை.

பிரேமலா இருந்த கோலத்திலேயே, எண்ணெய் படிந்த கைலியும் டீசர்ட்டுமாகத் தேன்மொழி வீட்டுக்குப் போனாள். தேன்மொழி அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வீட்டிலுள்ள பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பரப்பிப் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது தடவையோ. விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

"வா பிரேமா" என்றாள் தலையைத் தூக்காமல். "உக்காரச் சொல்ல எடமில்ல."

"அக்கா, ரூபன் பொறந்தநாளு கேக்குல முட்டை இருந்துச்சு."

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் எவ்வளவோ அடுக்கி வைத்திருந்தாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான். தேன்மொழியின் கை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை மூடிவிட்டு வந்தாள்.

"தெரியாம கலந்துருச்சா?"

அப்படியே 'ஆமாம்' என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். வழியைத் தேன்மொழியே திறந்துவிட்டாள். பிரேமலாவின் தலை பாதி ஆடியும் விட்டது. அப்போது மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தட்டும் கப்பும் கண்ணில் பட்டன.

"இல்லக்கா. தெரிஞ்சேதான். ஒங்களுக்குப் பண்ணது எழும்பல. வீடியோ எடுத்துக்கிட்டு மாவக் காக்க வச்சிட்டேன். திரும்பப் பண்ணச் சோம்பல். சேலை கலைஞ்சிரும்னு... முட்டை போட்டது ஒன்னு இருந்துச்சு. அதக் குடுத்துட்டேன்."

திட்டுவாள், சாபம் விடுவாள், கையில் இருக்கிற கரண்டியால் அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். தேன்மொழி ஈரத் தரையிலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப நான் இல்லையா?" என்றாள்.

குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "நான் இல்லையா பிரேமா? அடுத்த வீட்டுப் பூனை மீனத் தூக்கிட்டு வந்துச்சே, அதத் தொரத்துனேன், அதுவோன்னு நெனச்சேன். தலைவலி மாத்திரையில ஏதாவது இருக்குமோன்னு நெனச்சேன். மனசுல யாரையாவது வஞ்சிருப்பேனோன்னு... நான் இல்லையா?" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முகம் மலர்ந்துபோய்விட்டது. அந்த மலர்ந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பிரேமலா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் இந்த மனுஷியின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கூனிக் குறுகிப்போனாள்.

"ஷர்மினி! ஏ ஷர்மினி!" என்று கத்திக்கொண்டே தேன்மொழி எழுந்து அறைக்கு ஓடினாள். அங்கே அவள் மகளிடம் என்ன சொன்னாளோ, இரண்டு பேரும் சேர்ந்து அழுகிற சத்தம் கேட்டது. பிரேமலா பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். போவதா இருப்பதா என்று தெரியவில்லை.

தேன்மொழி திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள். முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை.

"அன்னைக்கி நான் ஒன்னக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீ சிரிச்ச."

"சிரிச்சேங்க்கா."

"ம்." தேன்மொழி மகளின் தட்டையும் கப்பையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு சேர்த்து வைத்தாள். "நடுரோட்டுல கொட்டுச்சு பாலு. ஊரே பாத்துச்சு. நீ அடுப்படியில வந்து எங்காதுல சொல்லிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லு."

"அக்கா, ஆர்டரெல்லாம்..." அதுவாகவே வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தேன்மொழி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிரேமலா அந்த ஈரத் தரையிலேயே கரைந்துபோயிருக்கலாம்.

"வர்றேங்க்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரேமலா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பச்சை வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், வெளிர் நீலத்தில் ஒரு பழைய கைத்தறி இருக்கிறது, அது அடக்கமாக இருக்கும் என்று கை போனது. மன்னிப்புக் கேட்கப் போவதற்கும் சேலைப் பொருத்தம் பார்க்கிற இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது! அவளுக்கே அவள்மேல் அருவருப்பு வந்தது. கைக்கு வந்த ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சதாசிவம் கேட்காமலேயே காரை எடுத்தார்.

பூசை முடிந்து பெண்கள் மண்டபத்தில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேன்மொழி தூண் ஓரமாக நின்றாள். தைப்பூசத்துக்கு அப்புறம் அவள் கோயில் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. கையில் ஒரு சின்னச் சொம்பில் பால். யாரும் அவளிடம் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் லேசாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

பிரேமலா நடுவில் போய் நின்றாள். வீடியோவில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய் அன்றைக்குப் பார்த்து உலர்ந்துபோனது.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். தேனக்கா வெரதத்துல ஒரு கொறையும் இல்ல. முட்டை இல்லன்னு சொல்லி முட்டை போட்ட கேக்க நான்தான் குடுத்தேன். தெரிஞ்சே குடுத்தேன். அக்கா என்ன நம்பித் தின்னாங்க. ஷர்மினி மேலயும் தப்பு இல்ல."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அங்கம்மா கையிலிருந்த சுண்டலை இலையில் திரும்பப் போட்டாள்.

"முட்டையா? வெரதக்காரிக்கா? ஏன்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

"தப்புதான் பெரியம்மா."

"தப்பா? இதுக்குப் பேரு தப்பா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "புரட்டாசியில எங்க வீட்டுக்குப் பண்ணிக் குடுத்தியே, அது?"

"ஐயோ, அது சுத்தம்க்கா. அதுல ஒன்னும் இல்ல."

"எங்க மாமியா அறுபதுக்கு வாங்குனோமே? அவங்க சுத்த சைவம். அதுலயும் போட்டியா?"

"சத்தியமா இல்லக்கா. இந்த ஒன்னுதான். முருகன் சத்தியமா இந்த ஒன்னே ஒன்னுதான்."

"அப்பவும் இப்படித்தான சொன்ன, போடலன்னு" என்றாள் அங்கம்மா.

பிரேமலா சொன்னது உண்மை. முட்டையில்லாத கேக்குக்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனித் தட்டு வைத்திருந்தாள். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் தவறினாள். அதை அறிந்த ஆள் இந்த மண்டபத்தில் ஒருத்திதான். பின்வாசல் முக்காலியில் உட்கார்ந்து அத்தனை பின்மதியங்களும் அந்தக் கிண்ணத்தையும் கரண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தவள். 'அவ சொல்றது நெசந்தான்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரேமலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

தேன்மொழி சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிரேமலாவை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவே சன்னதியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அங்கம்மா இலையை ஓரமாக இழுத்துக்கொண்டு காலை மடக்கினாள். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அப்படி வழிவிட்டு ஒதுங்கியவர்களில் பிரேமலாவும் ஒருத்தி.